நானூற்றுப் பதினேழுக்கு ஐந்து

ஐந்து கிளாஸ்களும் வெள்ளைத் தாள் விரித்த மேசையில் வரிசையாக வந்து உட்கார்ந்தபோது மணி பத்தரை. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சீட்டு, ஒவ்வொரு சீட்டிலும் மூன்று இலக்க எண்: 135, 290, 417, 551, 862. எந்த எண்ணுக்குள் எந்த பாட்டில் இருக்கிறது என்பது தடுப்புப் பலகைக்குப் பின்னால் நின்று ஊற்றிய ஸ்டோர்க்காரருக்கு மட்டுமே தெரியும். அவரும் அதைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, சட்டைப்பையில் செருகிக்கொண்டு, பையின்மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.

“என்னண்ணே, நெஞ்சு வலியா?” என்றார் பார் மாஸ்டர்.

“உங்க கண்ணு சும்மா இருக்காதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க. கையை எடுத்தா என் வேலை போயிடும்.”

“கண்ணு சும்மாதான் இருக்கும்ணே. மூக்குதான் இருக்காது. காலையில நீங்க ரெண்டு முட்டை சாப்பிட்டீங்க, சரியா?”

“மூணு.”

“பேச்சு போதும்,” என்றார் கொள்முதல் தலைவி.

பதினொரு பார்களை நடத்தும் நிறுவனம் அது. வாடிக்கையாளர் கம்பெனிப் பெயர் எதுவும் சொல்லாமல் ‘ஒரு போர்பன்’ என்று மட்டும் கேட்டால், பார்க்காரர் திரும்பிப் பார்க்காமலே கை நீட்டி எடுக்கும் பாட்டில் ஒன்று உண்டு. ஹவுஸ் போர்பன் என்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை அதைத் தேர்ந்தெடுப்பார்கள். மக்காச்சோளத்தில் வடித்து, உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாயில் வருடக்கணக்காகக் கிடக்கவிட்டு எடுக்கும் விஸ்கி என்ற அளவில் எல்லா போர்பனும் ஒன்றுதான். விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கும். கொடுக்கிற காசுக்கு எதில் ருசி அதிகம் என்று கண்டுபிடிப்பதுதான் இந்த மேசையின் வேலை.

முறை எளிது. முதலில் ருசிக்கு ஆளுக்குப் பத்து மார்க். மூன்று பேரின் மார்க்கையும் கூட்டினால் குறைந்தது இருபத்தொன்று வர வேண்டும். வராத பாட்டில் வெளியே. அதற்குப் பிறகுதான் விலைப் பட்டியல் கைக்கு வரும். அந்த விலைக்கு அந்த ருசி தகுமா என்று இன்னொரு பத்து. இரண்டையும் சேர்த்து எது மேலே வருகிறதோ அதற்கு ஆர்டர்.

கொள்முதல் தலைவிக்கு நாற்பது வயதிருக்கும். ஒரு சொல்லைக்கூட எடை போட்டுத்தான் வெளியே விடுவார். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் ‘தராசு’. பார் மாஸ்டர் அதற்கு நேர் எதிர்; வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பிறகு யோசிப்பார். மூன்றாவது நாற்காலியில் இன்றைக்குப் புதிதாக உட்கார்ந்திருந்தவளைத்தான் அலுவலகத்தில் பென்சில் என்று கூப்பிட்டார்கள். இருபத்தாறு வயது. எதையும் முதலில் தன் நோட்டில் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அதன்பிறகே தாளில் பேனாவால் ஏற்றுவாள். தேதி போட்டு, மணி போட்டு, ஜன்னல் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதுவரை எழுதுவாள். பதினாலு மாதமாக மாலை வகுப்புக்குப் போய், சின்னச் சின்னக் குப்பிகளை முகர்ந்து முகர்ந்து, வெனிலாவுக்கும் கருகிய சர்க்கரைக்கும் வித்தியாசம் படித்தவள். இந்த நாற்காலிக்காகத்தான் அத்தனையும்.

நாற்காலி கிடைத்த நாளில் அவள் அதன் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

நேற்று மாலை ஆறு மணிக்கு, வகுப்புக்குக் கிளம்புமுன் உடை மாற்றிக்கொள்ள வீட்டுக்குப் போனாள். அக்கா வீட்டில்தான் அவள் இருக்கிறாள். சமையலறை மேடைமேல் ஒரு பாட்டில் இருந்தது, மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். அதற்குப் பக்கத்தில் டை முடிச்சைத் தளர்த்திக்கொண்டு அத்தான். கார் டயர் கம்பெனியில் இருந்தவர், ஆறு மாதத்துக்கு முன்புதான் மது இறக்குமதி செய்யும் ஒரு சின்னக் கம்பெனிக்கு விற்பனைக்காரராக மாறியிருந்தார்.

“மச்சினி, நாளைக்கு உங்க ஆபீஸ்ல என் பாட்டிலும் மேசைக்குப் போகுது,” என்றார். “யாரு ருசி பார்க்கிறாங்கன்னு உனக்குத் தெரியுமா?”

தெரியும். அன்று மதியம்தான் தராசு அவளைக் கூப்பிட்டு, வெளியே மூச்சு விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

“அதெல்லாம் சொல்ல மாட்டாங்க அத்தான்.”

“சொல்லாட்டியும் பரவாயில்லை. பாட்டில் முப்பத்தெட்டு டாலர்னு விலை சொல்லியிருக்கேன். இதுக்குமேல குறைக்கணும்னா என் தோலை உரிச்சுத்தான் விக்கணும்.”

அக்கா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. “சிரிச்சுக்கிட்டே சொல்றாரு பாரு. இந்த ஆர்டர் வரலைன்னா மாசக் கடைசியோட வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டாங்கடி. ஆறு மாசத்துல ஒரு பெரிய ஆர்டர்கூட இல்லை. கடிதமே குடுத்துட்டாங்க.”

“ஏய், அதை எதுக்கு அவகிட்ட...”

“அவகிட்ட சொல்லாம யார்கிட்டச் சொல்றது? பக்கத்து வீட்டுலயா?”

அத்தான் பேச்சை மாற்றத்தான் பாட்டிலைத் திறந்தார். “விடு. மச்சினி, உன் மூக்குக்கு ஒரு வேலை குடுக்கிறேன், பிடி.” ஒரு டம்ளரில் இரண்டு விரல் உயரம் ஊற்றி நீட்டினார்.

அந்த இடத்தில் அவள் வேண்டாம் என்றிருக்க வேண்டும். ஆனால் பதினாலு மாதப் பழக்கம் கையை நீட்ட வைத்தது. டம்ளர் மூக்குக்குக் கீழே போய்விட்டது. நன்றாகப் பழுத்த வாழைப்பழம். வறுத்த வேர்க்கடலை. புதுத் தோல் செருப்பு. முகர்ந்த நிமிஷமே எழுது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்; எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது.

காலையில் தராசிடம் சொல்லிவிடலாம் என்று லிஃப்டில் ஒரு வாக்கியம் தயார் செய்தாள். இரண்டாவது மாடியில் அது சரியாக இருந்தது. நான்காவது மாடியில் அதன்கூடவே இன்னொன்று வந்தது: சொன்னால் இன்றைக்கு நாற்காலி கிடையாது. அடுத்த வருடம்தான். அதுவும் நிச்சயமில்லை. ஐந்து கிளாஸில் அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு உன் மூக்கு என்ன பெரிய மூக்கா என்று தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு அறைக்குள் நுழைந்துவிட்டாள்.

இப்போது முதல் கிளாஸ். 135. முகர்ந்தாள், வாயில் விட்டு உருட்டினாள், பக்கத்தில் இருந்த எஃகு ஜாடியில் துப்பினாள். தண்ணீர். ஒரு துண்டு ரொட்டி. மெலிவு, இனிப்பு, சட்டென்று மறைகிறது. ஆறு. 290. ஆப்பிள், மிளகு, பரவாயில்லை. ஏழு.

417.

மூக்கைக் கிட்டே கொண்டுபோவதற்குள்ளேயே அது அவளைத் தேடி வந்துவிட்டது. வாழைப்பழம். வேர்க்கடலை. புதுத் தோல். அக்காவின் சமையலறை அப்படியே கிளாஸுக்குள் உட்கார்ந்திருந்தது. எதிரே பார் மாஸ்டர் கண்ணை மூடி, வாய்க்குள் எதையோ உருட்டி, “ம்ம்” என்று ரசித்துக்கொண்டிருந்தார். அவர் எந்த கிளாஸில் இருக்கிறார் என்று தெரியவில்லை.

நோட்டில் பென்சிலால் எட்டு என்று எழுதினாள்.

எழுதியதும் அந்த எட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த எட்டு போர்பனுக்கா, அத்தானுக்கா? அவர் டை முடிச்சைத் தளர்த்திக்கொண்டு நின்றது நினைவுக்கு வராமல் இருந்திருந்தால் எவ்வளவு போட்டிருப்பேன்? ஏழா? வறுத்த வேர்க்கடலை வாசனை எனக்குப் பிடிக்கிறதா, இல்லை வீட்டு வாசனை என்பதால் பிடிக்கிறதா? மறுபடி முகர்ந்தாள். மூக்கு எட்டு என்றது. மூக்கை எப்படி நம்புவது? ஒன்று குறைத்தாள். அதிலும் பாசம் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தோன்றவே இன்னொன்று குறைத்தாள். நாளைக்கே யாராவது, ‘அத்தான் பாட்டிலுக்கு எவ்வளவு போட்டாய்’ என்று கேட்டால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும்படி ஓர் எண் வேண்டும். இன்னும் ஒன்று. தாளில் பேனாவால் எழுதினாள்: ஐந்து.

அக்காவின் முதுகு கண்முன் வந்தது. அவள் அடுத்த கிளாஸை இழுத்துக்கொண்டாள்.

551 வெறும் சாராயக் காரம். ஐந்து. 862-ஐ எடுத்தபோது அவளுக்குப் பாதி உயிர் திரும்பியிருந்தது. ஆபத்தைத் தாண்டியாகிவிட்டது, இது யாருடையதோ, நமக்கென்ன. ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் கிளம்புமே, அந்த வாசனை. லவங்கப்பட்டை. அடியில் கருக்கிய சர்க்கரை. விழுங்காமல் துப்பிய பிறகும் ஒரு நிமிஷத்துக்கு மேல் வாயை விட்டுப் போகவில்லை; கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கு வைத்தாள், எழுபத்திரண்டு நொடி. கொஞ்சம் முரட்டுத்தனம் இருந்தது, அதுவும் பிடித்திருந்தது. அன்றைக்கு முதல்முறையாக எந்தச் சந்தேகமும் இல்லாமல் ஓர் எண்ணை எழுதினாள். ஒன்பது. அழிக்கவே இல்லை.

தராசு மூன்று தாள்களையும் வாங்கி, கூட்டி, வெள்ளைப் பலகையில் மொத்தத்தை மட்டும் எழுதினார். 862-க்கு இருபத்து மூன்று. 290-க்கு இருபத்தொன்றரை. 417-க்கு இருபது. மற்ற இரண்டும் அதற்கும் கீழே.

“நில்லுங்க நில்லுங்க,” என்று பார் மாஸ்டர் எழுந்தேவிட்டார். “நானூத்திப் பதினேழு வெளியவா? நான் எட்டு போட்டேன். இருபதுன்னா மிச்ச ரெண்டு பேரும் சேர்ந்தே பன்னெண்டுதான் போட்டிருக்கீங்க. எந்த மகராசன் மூக்குல பஞ்சை வெச்சுக்கிட்டு வந்தது?”

“மாஸ்டர், உட்காருங்க.”

“இல்ல மேடம், பதினெட்டு வருஷமா ஊத்தறேன். அதை மட்டம்னு ஒருத்தர் சொன்னா, நான் பார் தொடைக்கிற துணியைக் கீழ வெச்சுட்டு வேற வேலை பார்க்கணும்.”

“யார் எவ்வளவு போட்டாங்கன்னு இங்க கேட்கிறதில்லை.” தராசு பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். “ஆனா ஒரு மார்க் மத்த ரெண்டைவிட ரெண்டோ அதுக்கு மேலயோ விலகி இருந்தா, போட்டவங்க மறுபடி ருசி பார்த்து மாத்திக்கலாம். அதுவும் விதிதான். யாருக்காவது மாத்தணுமா?”

அவர் யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. ஸ்டோர்க்காரர்கூடப் பையின்மேல் வைத்த கையை அசைக்கவில்லை.

மாற்றினால் அத்தானுக்கு மாற்றியதாகும். வாய்ப்புக் கொடுத்தவுடனே அத்தானைக் கைதூக்கி விட்டதாகும். பென்சில் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லை மேடம்,” என்றாள். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் இருக்க, தான் மட்டும் பதில் சொல்லிக் காட்டிக்கொடுத்துக்கொண்டோம் என்று சொல்லி முடித்த பிறகே புரிந்தது. பார் மாஸ்டர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

“அடிப்பாவி பென்சில்,” என்றார், கோபத்தைவிட வருத்தத்தோடு.

“விலைப் பட்டியல்,” என்றார் தராசு.

ஸ்டோர்க்காரர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஐந்து எண்கள், எதிரே ஐந்து விலைகள். மேலிருந்து கீழே விரலை வைத்துப் படித்தாள். 135, முப்பத்தொன்று. 290, நாற்பத்து நாலு. 417, எழுபத்தொன்று.

விரல் அங்கேயே நின்றது. எழுபத்தொன்றா? தப்பாக அச்சடித்துவிட்டார்களா? கீழே இறங்கினாள். 551, இருபத்தொன்பது. 862, முப்பத்தெட்டு.

முப்பத்தெட்டு. என் தோலை உரிச்சுத்தான் விக்கணும்.

தாளில் இருந்த எழுத்துகள் கொஞ்ச நேரம் அவளுக்கு எழுத்துகளாகவே தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக, தலைகீழாக, எல்லாம் இடத்தில் வந்து விழுந்தன. நேற்று அத்தான் திறந்தது அவர் கடை கடையாகத் தூக்கிக்கொண்டு அலையும் பாட்டில். மூன்றில் இரண்டு பங்கு காலி. பாதிக்குமேல் காலியான பாட்டிலில் காற்று புகுந்து வாரக்கணக்கில் இருந்தால் காரம் அடங்கி, முரட்டுத்தனம் குறைந்து, வயதானதுபோல் மென்மையாகிவிடும். வகுப்பில் மூன்றாவது மாதப் பாடம் அது. நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாள். இங்கே தடுப்புக்குப் பின்னால் ஸ்டோர்க்காரர் இன்று காலையில்தான் சீலை உடைத்து ஊற்றியிருக்கிறார். அத்தானுடையது அந்த ஆரஞ்சுத் தோல். யாருடையதோ என்று நினைத்து அவள் ஒன்பது போட்டது.

யாருக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்று மூன்று மார்க் வெட்டியது அத்தானின் போட்டியாளரை. முதலிடத்துக்குச் சமமாக வந்திருக்க வேண்டிய ஒன்றை, அவள் ஒருத்தியே மேசையிலிருந்து கீழே தள்ளிவிட்டிருக்கிறாள். இப்போது களத்தில் இரண்டே பேர்: அத்தானும், அவரைவிட ஆறு அதிகம் கேட்கிற ஆப்பிள்-மிளகும். முப்பத்தெட்டுக்கு ஒன்பது என்றால் விலை மார்க்கும் தானாக விழும். அத்தான் ஜெயித்தாயிற்று.

வாயைத் திறக்க வேண்டியதில்லை. அதுதான் இதில் கொடுமை. பேனாவை எடுத்து, நியாயமாகவே, மனசாட்சிப்படியே, 862-க்கு விலை மார்க் ஒன்பது எழுதிவிட்டு எழுந்து போகலாம். ஒன்பது பொய்யில்லை. அக்கா இன்றைக்கு அடுப்பிலிருந்து திரும்பிப் பார்ப்பாள். யாரும் கேட்க மாட்டார்கள். யார் எவ்வளவு என்று இங்கே கேட்பதில்லை.

பார் மாஸ்டர் தன் தாளை எழுதத் தொடங்கியிருந்தார். தராசின் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

“மேடம்.” பென்சில் பேனாவைக் கீழே வைத்தாள். “என் ருசித் தாள்ல ஒரு மார்க் பொய்.”

இரண்டு பேனாக்களும் நின்றன.

“எந்த எண்ணுன்னு சொல்லாதே,” என்றார் தராசு உடனே. “விஷயத்தை மட்டும் சொல்லு.”

“என்னோட அத்தான், அக்கா வீட்டுக்காரர், ஒரு பாட்டில் அனுப்பியிருக்கார். நேத்து வீட்டுல அதை மோந்துட்டேன். இங்க ஒரு கிளாஸ் அதுதான்னு நெனச்சேன். பாசத்துல அதிகமாப் போட்டுடுவோமோன்னு பயந்து மூணு மார்க் வெட்டிட்டேன். நோட்டுல எட்டு இருக்கு, தாள்ல அஞ்சு.”

“நானூத்திப் பதினேழு,” என்றார் பார் மாஸ்டர். “அஞ்சு போட்டது எதுக்குன்னுதான் எனக்குத் தெரியுமே. ஓ, அப்ப அது உன் அத்தானோடதா?”

“இல்லை மாஸ்டர். விலையைப் பார்த்ததும்தான் தெரிஞ்சுது. அது இல்லை.”

“அப்ப எது?”

“மாஸ்டர்!” தராசு குரலை உயர்த்தி அவள் இதுவரை கேட்டதில்லை. “நீங்க இன்னும் மார்க் போடல. அவ பதில் சொன்னா நானும் நீங்களும் கெட்டோம்.” பிறகு அவளிடம்: “எதுன்னு உனக்கு இப்ப தெரியுமா?”

“தெரியும்.”

“மூஞ்சியைக் கீழ வெச்சுக்க. பலகையைப் பார்க்காதே. எழுந்து வெளிய போய் நில்லு.”

நடைபாதையில், தண்ணீர் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றாள். மிஷின் நிமிஷத்துக்கொருமுறை கடகடவென்று ஆடி அடங்கியது. கையில் நோட்டு இல்லை, உள்ளேயே விட்டுவிட்டாள். இனி அதை யார் வேண்டுமானாலும் புரட்டலாம். புரட்டட்டும். சொன்னது சரிதானா, சொல்ல வேண்டிய நேரம் லிஃப்டிலேயே போய்விட்ட பிறகு சொன்னதற்கு என்ன மதிப்பு, அத்தானுக்காகச் சொன்னேனா, அத்தானுக்கு எதிராகச் சொன்னேனா, என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னேனா? ஒவ்வொரு கேள்விக்கும் மிஷின்தான் பதில் சொன்னது.

இருபது நிமிஷத்துக்குப் பிறகு கதவு திறந்தது. ஸ்டோர்க்காரர். “வாம்மா. உறையைப் பிரிச்சாச்சு.” முதல்முறையாக அவர் கை சட்டைப்பையின்மேல் இல்லை.

பலகையில் எல்லா எண்களும் அழிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்பட்டிருந்தன. அவளுடைய தாள் இரண்டாகக் கிழிக்கப்பட்டு மேசையில் கிடந்தது. இரண்டு பேரின் மார்க்கை மட்டும் வைத்து, 417-ஐயும் மறுபடி உள்ளே சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தார்கள்.

417, இருபத்து நாலு. 862, இருபத்தொன்பதரை. 290, முப்பது.

அரை மார்க்.

“உன் அத்தானோடது எண்ணூத்தி அறுபத்திரண்டுன்னு உறையையும் உன் நோட்டுல நேத்து எழுதியிருந்த பாட்டில் பேரையும் ஒத்துப் பார்த்ததும் தெரிஞ்சுது. மத்த நாலும் உங்க வீட்டுக்குச் சம்பந்தமில்லாத கம்பெனிங்க,” என்றார் தராசு. “நானூத்திப் பதினேழும் அதுவும் ஒரே வடிசாலைச் சரக்கு. அது பன்னெண்டு வருஷம், இது ஆறு. பேர்தான் வேற வேற.”

“ஒரே வயித்துப் பிள்ளைங்க,” என்றார் பார் மாஸ்டர். “நீ குழம்பினதுல தப்பே இல்லை. ஆனா பென்சில், எழுபத்தொண்ணுக்கு அந்தப் பன்னெண்டு வருஷத்தை யாரு வாங்கப்போறா? நான் ருசிக்கு எட்டு போட்டேன், விலைக்கு நாலுதான் போட்டேன். நீ அஞ்சு போட்டாலும் எட்டு போட்டாலும் அது எப்படியும் விலையில விழுந்திருக்கும். வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா...” அவர் முடிக்கவில்லை. தராசு பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு கிளாஸ்களை அடுக்கத் தொடங்கினார்.

பென்சில் கிழிந்த தாளைப் பார்த்தாள். ஐந்து ஒரு பாதியில் இருந்தது. ஒன்பது இன்னொரு பாதியில். அந்த ஒன்பது இருந்திருந்தால்.

“மேடம், மத்த நாலு மார்க்கும் உண்மைதான். அந்த ஒண்ணை மட்டும்...”

“எது உண்மைன்னு நீ சொல்லி நான் எடுத்துக்கணுமா?” தராசு கேட்டதில் கோபம் இல்லை. “காலையில கதவுகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் இடத்துல வேற ஆளை உட்கார வெச்சிருப்பேன். மூணு பேர் ருசி பார்த்திருப்போம். உன் அத்தானுக்கும் நியாயமா ஒரு மூணாவது மார்க் கிடைச்சிருக்கும். இந்த வருஷம் உனக்கு மேசை இல்லை. அடுத்த வருஷத்தை அப்புறம் பேசலாம். நான் கீழ போய் முடிவைச் சொல்றேன். நான் சொல்லி முடிச்சதுக்கப்புறம் நீ வா.”

கீழே வரவேற்பறையில் ஐந்து விற்பனைக்காரர்களும் காத்திருந்தார்கள். அவள் படியிறங்கியபோது முடிவு சொல்லியாகிவிட்டது. ஒருவர் போனில் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கைகொடுத்துக் கலைந்துகொண்டிருந்தார்கள். அத்தான் மட்டும் சோபாவில் உட்கார்ந்து, பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தார். ஜிப் பாதியில் சிக்கியிருந்தது. இழுத்துக்கொண்டே இருந்தார்.

“அரை மார்க்காம் மச்சினி,” என்றார் நிமிராமல். “அரை. ரெண்டு பேர்தான் மார்க் போட்டாங்களாம். வழக்கமா மூணு பேராமே? மூணாவது ஆளுக்கு என்ன ஆச்சு, காய்ச்சலா?”

“மூணாவது ஆள் நான்தான் அத்தான்.”

ஜிப்பை விட்டார். அவள் நின்றபடியே, எதையும் விடாமல், வரிசையாக, சொன்னாள். நேற்று மதியம் தராசு சொன்னதிலிருந்து கிழிந்த தாள்வரை. அவர் குறுக்கே பேசவில்லை. அது அவளுக்குப் பழக்கமில்லாத அத்தான்.

“நேத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே,” என்றார் கடைசியில். “ரகசியம்னா ரகசியம், அதை விடு. ‘பாட்டிலைத் திறக்காதீங்க அத்தான்’னு மட்டும் சொல்லியிருந்தா போதுமே. திறந்திருக்க மாட்டேனே.”

“ஆமா அத்தான்.”

“உங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

போனில் சிரித்துக்கொண்டிருந்தவர் வெளியே போய்விட்டார். வரவேற்பறைப் பெண் காகிதங்களைத் தட்டி அடுக்கினாள்.

“எவ்வளவு போட்ட?” என்றார் அத்தான்.

“எதுக்கு?”

“என்னுதுக்கு.”

“ஒன்பது.”

“எனக்காகவா?”

“உங்களுதுன்னு தெரியாம. தெரிஞ்சிருந்தா அதையும் வெட்டியிருப்பேன்.”

அவர் முதலில் சிரிப்பதுபோல ஒரு சத்தம் போட்டார்; அது பாதியிலேயே வேறு ஏதோவாக மாறிவிட்டது. உள்ளங்கையால் முகத்தை ஒருமுறை மேலிருந்து கீழே துடைத்துக்கொண்டார். “ஆறு மாசமா நானே அதை நல்ல சரக்குன்னு சொல்லிக்கிட்டு அலையறேன். சொல்றப்பல்லாம் பொய் சொல்ற மாதிரியே இருக்கும். டயர் வித்தவன்தானே, எனக்கு என்ன தெரியும்? அப்ப நெஜமாவே நல்ல சரக்குதானா?”

“நெஜமாவே அத்தான். எழுபத்திரண்டு நொடி வாயில நின்னுது. ஆரஞ்சுத் தோல் மாதிரி.”

“ஆரஞ்சுத் தோல்,” என்று அவர் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதனால் எந்த ஆர்டரும் வரப்போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு போனை எடுத்தார். “பன்னெண்டு மணிக்குள்ள முடிவைச் சொல்லணும்னு மேனேஜர் சொல்லியிருக்கான். அக்காகிட்ட நீயா, நானா?”

“நான் சொல்றேன். முழுசா.”

“முழுசாச் சொன்னா ரெண்டு நாள் உன்கூடப் பேச மாட்டா.”

“தெரியும்.”

எண்ணை அழுத்தினார். அவள் திரும்பிப் போகப் பார்த்தபோது, “இரு, இதை முடிச்சுக்கிறவரைக்கும் நில்லு,” என்றார். அவள் சோபாவின் கைப்பிடிப் பக்கமாக வந்து நின்றாள். மணி அடிப்பது அவளுக்கும் கேட்டது. நாலாவது மணியில் அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். அத்தான் சட்டென்று எழுந்து நின்று, யாரும் பார்க்காத அந்த இடத்தில், டை முடிச்சைக் கழுத்துவரை இழுத்து இறுக்கிக்கொண்டு, “சார், நான்தான் பேசறேன்,” என்றார்.